கடைசிப் பதினாறு பைட்

வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை வரைக்கும் அக்காவின் லேப்டாப் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் வகுப்புக்கான பயிற்சித்தாளை முடித்துவிட்டு அணைக்கப் போனவள், அப்டேட் செய்து அணைக்கலாமா என்று வந்ததற்குச் சரி என்று அழுத்தியிருக்கிறாள். சார்ஜர் மாட்டித்தான் இருந்தது. திரை இரண்டு முறை அணைந்து எரிந்தது. பிறகு கம்பெனிச் சின்னத்துக்குக் கீழே, ஃபர்ம்வேர் புதுப்பிக்கப்படுகிறது, மின்சாரத்தை நிறுத்தாதீர்கள் என்ற வரியோடு ஒரு கோடு ஊர ஆரம்பித்தது. அதைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். காலையில் பொத்தானை அழுத்தினால் விசிறி ஒரு நொடி சுற்றி நிற்கிறது, கேப்ஸ் லாக் விளக்கு விட்டுவிட்டு மினுக்குகிறது, திரை கருப்பு.

அக்கா இருப்பது பெங்களூர் அல்சூரில். சனி ஞாயிறுகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறாள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகள். ஆறு வருடப் பயிற்சித்தாள்கள் அந்தப் பெட்டியில் இருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளையும் சேர்ந்த வாரம் வாசித்ததையும், வருடக் கடைசியில் வாசித்ததையும் பதிவு செய்து வைத்த ஒலிக்கோப்புகளும் அதில்தான். வேறு எங்கேயும் நகல் கிடையாது.

அன்றைக்கே ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டியிருக்கிறாள். மதர்போர்டு போய்விட்டது, மாற்ற 28,000 ரூபாய் ஆகும், உள்ளே இருப்பதற்குப் பொறுப்பு ஏற்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சாயந்திரம் எனக்குப் போன் வந்தது. "தம்பி, செத்துப்போச்சாம்டா" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை.

நான் பீன்யாவில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். போர்டு எப்போது சாகும் என்று ஓரளவு தெரியும். தண்ணீர் படவில்லை, கீழே விழவில்லை, தீய்ந்த வாசனை இல்லை. இரவு வேலை செய்த போர்டு காலையில் செய்யவில்லை என்றால், நடுவில் மாறியது என்ன என்றுதான் முதலில் கேட்க வேண்டும். மாறியது எழுத்து மட்டுமே. ஒரு சிப்புக்குள் இருந்ததை அழித்துவிட்டு வேறொன்றை எழுதப் போயிருக்கிறார்கள். அது பாதியில் நின்றிருக்கலாம் என்று சந்தேகப்பட்டேன்.

முன்பெல்லாம் பயாஸை, அதாவது கணினியை எழுப்புவதற்காகச் சிப்பிலேயே எழுதி வைத்திருக்கும் நிரலை (ஃபர்ம்வேர்), மாற்ற வேண்டுமென்றால் நாமே தேடிப் போய் இறக்கிப் போட வேண்டும். இப்போது இயங்குதள அப்டேட்டோடு சேர்ந்து ஃபர்ம்வேரும் வந்துவிடுகிறது. கேப்ஸ்யூல் என்று அதற்குப் பெயர். இயங்குதளம் அதை வாங்கி வைத்துவிட்டு மறுதொடக்கம் செய்யும், அடுத்த முறை எழும்போது பயாஸ் தன்னைத் தானே எழுதிக்கொள்ளும். மென்பொருள் போய் வன்பொருளைக் கெடுக்குமா என்று அத்தான் கேட்டார். கெடுத்திருக்கிறது. 1998-இல் பரவிய சிஐஎச் வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று விழித்துக்கொண்டு எத்தனையோ கணினிகளின் பயாஸ் சிப்பில் குப்பையை எழுதி வைத்தது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலும் நடக்கும். 2017 டிசம்பரில் உபுண்டு 17.10 என்ற இயங்குதளத்தை இறக்கும் வசதியைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். அதன் மையப் பகுதியான கர்னலில் இருந்த, பயாஸ் சிப்போடு பேசும் இன்டெல் எஸ்பிஐ டிரைவர், சில லேப்டாப்களில் பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கவே முடியாதபடி செய்துவிட்டது. இரண்டிலும் அடிபட்டது பயாஸ் இருக்கும் சிப்தான்.

ஞாயிறு காலை அல்சூருக்குப் போனேன். மதர்போர்டைத் தொடுவதற்கு முன்னால் டேட்டாவை எடுத்துவிட வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. பின்மூடியில் பத்து ஸ்க்ரூ, அதில் இரண்டு பின்பக்க ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருந்தன. பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை விளிம்பில் விட்டு நகர்த்தியதும் மூடி வந்துவிட்டது. பேட்டரி கனெக்டரைக் கழற்றிய பிறகுதான் மற்றதில் கை வைத்தேன். எஸ்எஸ்டியை எடுத்து யுஎஸ்பி பெட்டியில் போட்டு என் லேப்டாப்பில் செருகினால், வட்டு பூட்டப்பட்டிருக்கிறது, 48 இலக்க மீட்பு எண்ணைக் கொடு என்கிறது.

"நான் எதையும் பூட்டலையே" என்றாள் அக்கா. அவள் பூட்டவில்லை. புது லேப்டாப்பை முதன்முதலில் இணையக் கணக்கோடு திறக்கும்போதே பலவற்றில் வட்டு மறையாக்கம் (என்கிரிப்ஷன்) தானாக இயங்கத் தொடங்கிவிடும். சாவி மதர்போர்டின் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியில் இருக்கும். ஒவ்வொரு முறை எழும்போதும் ஃபர்ம்வேர் பழையபடியே இருக்கிறதா என்று அளந்து பார்த்து, சரியாக இருந்தால்தான் சாவி வெளியே வரும். அதனால் தினமும் யாரும் எதையும் கேட்பதில்லை, பூட்டு இருப்பதே தெரிவதில்லை. போர்டை மாற்றியிருந்தால் சாவியும் அதோடு போயிருக்கும். மீட்பு எண் ஒன்றுதான் வழி, அது அந்த இணையக் கணக்கில் இருக்கும். கணக்கின் கடவுச்சொல் அக்காவுக்கு நினைவில்லை. நல்ல வேளையாக அதில் கொடுத்திருந்த போன் நம்பர் இன்னும் அவளிடம்தான் இருந்தது. ஆறு ஆறாக எட்டுக் கட்டு எண்கள். போனைப் பார்த்து அவள் நிதானமாக வாசிக்க வாசிக்க நான் அடித்தேன். கடைசிக் கட்டு முடிந்ததும் கோப்புறைகள் திறந்தன. பிள்ளைகளின் பெயரில் ஒவ்வொரு கோப்புறையும் அப்படியே இருந்தது. வெளி வட்டில் எல்லாவற்றையும் நகலெடுத்து, அதில் நான்கைந்தைத் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டோம். மீட்பு எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். அது பின்னால் திரும்பவும் தேவைப்படும் என்று தெரியும்.

பிறகு எளிய வைத்தியங்கள். பேட்டரியும் சார்ஜரும் இல்லாமல் பவர் பொத்தானை முப்பது நொடி அழுத்திப் பிடித்தேன். ரேமைக் கழற்றி மாட்டினேன். டிவியில் எச்டிஎம்ஐ கேபிள் போட்டுப் பார்த்தேன். பலன் இல்லை. பல கம்பெனிகள் மீட்புக்கு ஒரு வழி வைத்திருக்கும்: எஃப்ஏடி32 வடிவத்தில் ஒரு பென்டிரைவ், அதில் சரியான பெயரில் பயாஸ் கோப்பு, குறிப்பிட்ட இரண்டு விசைகளை அழுத்தியபடி பவர் போட வேண்டும். அதற்கு, விளக்கு உள்ள பென்டிரைவாகப் பார்த்து எடுத்தேன். மீட்பு நிரல் உயிரோடு இருந்தால் கோப்பைத் தேடவாவது அந்த விளக்கு ஒருமுறை மினுக்க வேண்டும். ஐந்து தடவை முயன்றும் மினுக்கவே இல்லை. அப்படியானால் மீட்கும் பகுதியே போயிருக்கிறது. இனி வெளியிலிருந்து எழுதுவதைத் தவிர வேறு வழி இல்லை.

சிப்பைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பிராசசருக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு, பக்கத்துக்கு நான்காக எட்டுக் கால். பூதக்கண்ணாடியில் பார்த்தால் வின்பாண்ட், 25கியூ128ஜேவி என்று இருந்தது. 128 மெகாபிட், அதாவது 16 எம்பி. கடைசி எழுத்துகளைத்தான் கவனிக்க வேண்டும். ஜேவி என்றால் 3.3 வோல்ட். ஜேடபிள்யூ என்றால் 1.8 வோல்ட், அதற்கு இடையில் ஓர் அடாப்டர் தேவை. இதைப் பார்க்காமல் மின்சாரம் கொடுத்தால், பழுது பார்க்க வந்தவரே சிப்பைக் கொன்றுவிடுவார்.

திங்களன்று மதியம் விடுப்பு எடுத்துக்கொண்டு, மின்னணுச் சாமான் கடைகள் உள்ள எஸ்.பி. ரோடு. அல்சூரிலிருந்து மெட்ரோவில் மெஜஸ்டிக், அங்கே பச்சை வழித்தடத்துக்கு மாறி சிக்பேட்டையில் இறங்கினால் நடக்கிற தூரம். சதர் பத்ரப்பா ரோடு என்ற முழுப்பெயரை யாரும் சொல்வதில்லை. மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒரு கடையில் சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் சிஎச்341ஏ புரோகிராமர், போர்டில் இருக்கும் சிப்பைக் கவ்வும் கிளிப், சிப்பை வைத்து அழுத்தும் சாக்கெட் மூன்றும் சேர்த்து 650 ரூபாய்க்குக் கிடைத்தன. அதே எண்ணுள்ள புது சிப் இரண்டு கேட்டேன். கடைக்காரர் தமிழ்க்காரர்தான். ஒரு சிப்பை எடுத்து விளக்குக்கு நேரே சாய்த்துக் காட்டி, "அண்ணா, கடைசி எழுத்து வரைக்கும் பாத்துக்கோங்க, முன்னாடி ஒண்ணா இருக்கும், பின்னாடி மாறும்" என்றார். இந்த வேலையைக் கையால் செய்தவர் சொல்லும் சொல் அது. இரண்டும் 160 ரூபாய்.

வீட்டுக்கு வந்ததும் புரோகிராமரையே முதலில் சோதித்தேன். பரவலாக விற்கும் இந்தக் கருப்புப் பலகையில் ஒரு குறை உண்டு. சிப்புக்குப் போகும் மின்சாரம் 3.3 வோல்ட்தான், ஆனால் சிஎச்341ஏ தான் 5 வோல்ட்டில் ஓடுவதால் தகவல் கால்களில் 5 வோல்ட் வந்து நிற்கும். மல்ட்டிமீட்டரை வைத்தேன்: 4.9. பலரும் இப்படியே பயன்படுத்துகிறார்கள், பெரும்பாலும் தப்பித்தும் விடுகிறார்கள். கிளிப்பைப் போர்டிலேயே மாட்டினால் அந்த 4.9 சிப்போடு நிற்காது, அதன் மறுமுனையில் இருக்கும் சிப்செட் வரைக்கும் போகும். அந்த ஆபத்தில் அக்காவின் போர்டை வைக்க எனக்கு மனம் வரவில்லை. சிஎச்341ஏ-வின் 28-ஆம் காலைப் பலகையிலிருந்து மெல்லத் தூக்கி, பழைய கேபிளில் உரித்த ஒற்றை இழையால் அதையும் 9-ஆம் காலையும் 3.3 வோல்ட் ரெகுலேட்டரின் வெளிவாயோடு சேர்த்துப் பற்றவைத்தேன். திரும்ப அளந்தபோது 3.3. அரை மணி நேர வேலை.

கிளிப்பில் சிவப்புக் கம்பி முதல் காலுக்கு, அதாவது சிப்பில் புள்ளி இருக்கும் மூலைக்கு. ஃப்ளாஷ்ராம் மென்பொருளில் படிக்கச் சொன்னேன். முதல் தடவை சிப்பே இல்லை என்றது. அழுத்திப் பிடித்ததும் படித்தது. இன்னொரு தடவை படித்து இரண்டு கோப்பின் எம்டி5 எண்ணை, அதாவது கோப்பின் கைரேகையை, ஒப்பிட்டேன், வேறு வேறாக வந்தன. மூன்றாவது இரண்டோடும் சேரவில்லை. போர்டில் வைத்தே படிக்கும்போது நாம் கொடுக்கும் 3.3 வோல்ட் சிப்போடு நிற்காமல் பக்கத்து உறுப்புகளுக்கும் ஓடிவிடுகிறது, வோல்டேஜ் இறங்குகிறது. இப்படி ஆடுகிற நிலையில் எழுதினால் எழுதுவதும் ஆடும். சிப்பைக் கழற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். சுற்றியிருந்த பிளாஸ்டிக் கனெக்டர்களைக் காப்டன் டேப்பால் மூடி, ஃப்ளக்ஸ் தடவி, ஹாட் ஏரை 350 டிகிரியில் வைத்து வட்டமாகச் சுற்றினேன். ஈயம் பளபளத்த நொடியில் ட்வீசரால் தூக்கினேன். வந்துவிட்டது.

சாக்கெட்டில் வைத்து மூன்று முறை படித்தேன். மூன்றும் ஒரே எம்டி5. அந்தக் கோப்புதான் இந்த வேலையின் மூலதனம். இதை எடுக்காமல் எதையும் எழுதக் கூடாது. சிப்பில் பயாஸ் நிரல் மட்டும் இருப்பதில்லை. இந்த லேப்டாப்பின் வரிசை எண், இயங்குதள உரிமச் சாவி, பிராசசருக்குத் துணையாகத் தனியே ஓடும் இன்டெல் எம்இ பகுதியின் அமைப்புகள் எல்லாம் அதே 16 எம்பிக்குள் இருக்கின்றன. அதே மாடலுக்கு யாரோ எடுத்த கோப்பை அப்படியே எழுதினால் திரை வரலாம், ஆனால் வரிசை எண்ணும் உரிமமும் இன்னொருவருடையதாக இருக்கும். எம்இ பகுதி கெட்டிருந்தால் சில இன்டெல் கணினிகள் 30 நிமிடத்தில் தாமாக அணைந்தும் போகும்.

கோப்பைப் பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன். தொடக்கத்திலிருந்து 16 பைட் தள்ளி 5ஏ ஏ5 எஃப்0 0எஃப் இருந்தது. அது டிஸ்கிரிப்டரின் முத்திரை, சிப்பை எப்படிப் பாகம் பிரித்திருக்கிறார்கள் என்ற வரைபடம் அங்கே இருக்கும். அதன்படி பயாஸ் பகுதி 5 எம்பியில் தொடங்கிச் சிப்பின் முடிவு வரை 11 எம்பி. எம்இ பகுதியில் குறையில்லை. அமைப்புகளைச் சேமிக்கும் என்விராம் சரி. அப்புறம் வால்யூம்கள் என்ற நிரல் கட்டுகள், ஒவ்வொன்றின் தலைப்பிலும் _எஃப்விஎச் என்ற நான்கெழுத்து. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே கீழே இறங்கினேன். திடீரென்று எஃப்எஃப் எஃப்எஃப் எஃப்எஃப். பக்கம் பக்கமாக அதுவே. கோப்பின் கடைசி வரைக்கும் ஏறக்குறைய 2 எம்பி வெறும் எஃப்எஃப்.

ஃப்ளாஷ் சிப்பில் அழிப்பது என்றால் எல்லா பிட்டையும் ஒன்றாக்குவது, எழுதுவது என்றால் வேண்டிய இடத்தில் பூஜ்யமாக்குவது. அழித்த இடம் எஃப்எஃப் ஆகத்தான் தெரியும். இடைவெளி நிரப்பவும் எஃப்எஃப் வைப்பார்கள் என்பதால் அதைப் பார்த்த உடனே முடிவுக்கு வர முடியாது. கம்பெனித் தளத்தில் அதே பதிப்பின் பயாஸை இறக்கி, செவன்ஜிப்பில் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கே அந்த 2 எம்பி முழுக்க நிரல். நம்மிடம் எதுவும் இல்லை. அழித்திருக்கிறது, எழுத வரவில்லை. இன்டெல், ஏஎம்டி பிராசசர்கள் விழித்ததும் தங்கள் முதல் கட்டளையைத் தேடுவது 4 ஜிபி முகவரியின் உச்சிக்கு 16 பைட் கீழே. போர்டு அந்த இடத்தில் சிப்பின் கடைசி முனையைக் காட்டும். கம்பெனிக் கோப்பின் கடைசி 16 பைட்டில் 90 90 ஈ9 என்று ஒரு தாவல் கட்டளை இருந்தது. அக்காவின் சிப்பில் அந்தப் பதினாறும் எஃப்எஃப். காலையில் எழுந்த பிராசசருக்கு முதல் வார்த்தையே கிடைக்கவில்லை. அதைப் பார்த்ததும் அக்காவுக்குப் போன் செய்து, போர்டு சாகவில்லை என்று சொன்னேன்.

கம்பெனிக் கோப்பின் முன்னால் கொஞ்சம் தலைப்பு ஒட்டியிருந்தது. முதல் _எஃப்விஎச் இருக்கும் இடத்திலிருந்து 40 பைட் பின்னால் போனால் வால்யூமின் உண்மையான தொடக்கம், அங்கே வெட்டினால் சரியாக 11 எம்பி. என்விராமை மட்டும் நம் கோப்பில் இருந்தபடி விட்டுவிட்டு, நிரல் வால்யூம்கள் எல்லாவற்றையும் கம்பெனிக் கோப்பிலிருந்து எடுத்து வைத்தேன். எஃப்எஃப் ஆன இடத்தை மட்டும் நிரப்பினால் போதாதா என்றால், மேலே இருப்பது பழைய பதிப்பா புதியதா என்று நிச்சயமில்லாமல் ஒட்டுப்போடுவது ஆகும். நிரலில் ஒரு பைட்டையும் நான் மாற்றவில்லை. மாற்றினால் கம்பெனிக் கையொப்பம் உடைந்துவிடும், அதைச் சரிபார்க்கும் பூட் கார்ட் உள்ள லேப்டாப் எழ மறுக்கும். பயாஸ் கோப்பைப் பிரித்துக் காட்டும் யுஇஎஃப்ஐ டூலில் திறந்து பார்த்தேன், வரிசை எண் அதன் இடத்தில் இருந்தது, செக்சம் பிழை எதுவும் வரவில்லை.

எழுதியது புது சிப்பில். பழையதைத் தொடவே இல்லை. எழுதி, திரும்பப் படித்து, ஒப்பிட்டு, சரியாக இருக்கிறது என்று ஃப்ளாஷ்ராம் சொல்ல நேரம் பிடித்தது. அதற்குள் போர்டில் பழைய ஈயத்தைத் துடைத்து எடுத்தேன். புதியதைப் புள்ளி பார்த்து வைத்து மூலைக்கு மூலை பற்றவைத்தேன். எட்டாம் காலுக்கும் நான்காம் காலுக்கும் நடுவே ஷார்ட் இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்தேன். இல்லை.

புதன் இரவு அக்கா வீட்டில் வைத்தே பவர் போட்டேன். விசிறி சுற்றியது, கேப்ஸ் லாக் மினுக்கவில்லை, திரை கருப்பாகவே இருந்தது. அத்தான் கையை நீட்டி அணைக்கப் போனார். தடுத்தேன். புது பயாஸோடு முதல் தடவை எழும்போது ரேமுக்கு ஏற்ற நேர அளவுகளை அது புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும், அதுவரைக்கும் திரை வராது. அந்த நேரத்தில் பயந்துபோய் அணைப்பவர்கள் நிறைய. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். திரை வெளுத்தது, கம்பெனிச் சின்னம் வந்தது. அப்புறம் எதிர்பார்த்தபடியே 48 இலக்க எண்ணைக் கேட்டது. ஃபர்ம்வேர் மாறியிருக்கிறது, அதனால் டிபிஎம் சாவியைத் தர மறுக்கிறது, அது தன் கடமையைத்தான் செய்கிறது. அக்கா பீரோவைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்து வந்தாள். இந்த முறை அவளே அடித்தாள்.

கருவிகள், சிப், எஸ்எஸ்டி பெட்டி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய் ஆனது.

பயாஸ் செட்டப்பில் கேப்ஸ்யூல் அப்டேட்டை அனுமதிப்பதா என்று ஒரு வரி இருந்தது, அதை அணைத்தேன். ஃபர்ம்வேர் அப்டேட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் அதில்தான் வருகின்றன. வருடத்துக்கு இரண்டு முறை, பகலில், பேட்டரி நிறைய, நான் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுத் தருவதாகப் பேச்சு. நடுராத்திரியில், தூங்கப் போகிற ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தியதை வைத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை இது. அப்படிச் செய்வதாக இருந்தால், இது வழக்கமான அப்டேட் இல்லை, பயாஸையே அழித்து எழுதப் போகிறோம் என்று முன்கூட்டியே அவளுக்குப் புரியும்படி கேட்டிருக்க வேண்டும்.

பழைய சிப்பைத் தேதி எழுதிய சின்ன டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். அதிலிருந்து படித்த கோப்பு என்னிடமும் அக்காவின் வெளி வட்டிலும் இருக்கிறது. வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் அப்பா இதே மாடல் லேப்டாப் வைத்திருக்கிறாராம், அதே அப்டேட் அவருக்கும் வந்து காத்திருக்கிறதாம். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் அவருடைய 48 இலக்க எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதி எடுக்க வேண்டும்.